ரத்த மாதிரியிலிருந்து கல்யாணப் பேச்சு வரை

1986 பிப்ரவரி. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்த ஒரு கணவனும் மனைவியும் காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். கையில் ஓர் ஐஸ் பெட்டி. வெளியே வந்து ஆட்டோ பிடித்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறார்கள். பெட்டிக்குள் இருந்தவை எண்பது ரத்த மாதிரிகள். அதுவரை அவை இருந்த இடம், அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்.

மனைவியின் பெயர் செல்லப்பன் நிர்மலா. வயது 32. மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி, இரண்டு சிறு குழந்தைகளுக்குத் தாய். கணவர் வீரப்பன் ராமமூர்த்தி. முதுநிலைப் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அந்த ஆய்வேட்டுக்காகத்தான் இந்தப் பயணம். இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டது என்ற செய்தி இந்த ஐஸ் பெட்டியில்தான் வேலூர் போனது.

அந்தச் செய்தியை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நிர்மலாவின் பேராசிரியர் சுனிதி சாலமன், ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஒரு கேள்வியைத் தம் வாழ்நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே போனார். போகப் போக அந்தக் கேள்வியே மாறிவிட்டது. அது மாறிய விதத்தில் நம் வீடுகளைப் பற்றிய ஓர் உண்மை இருக்கிறது.

'வி ஹோம்' என்றொரு முகவரி

1981 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நிமோனியாவைப் பற்றி அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டது. அடுத்த ஆண்டே நோய்க்கு எய்ட்ஸ் என்று பெயர் வந்தது. 1985-ல் ரத்தத்தில் அதைக் கண்டறியும் பரிசோதனையும் வந்துவிட்டது. இங்கே நிலவிய எண்ணம் வேறு. அது மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், குடும்பம் குட்டி என்று வாழ்கிற நம் ஊருக்கு ஏன் வரப்போகிறது என்றார்கள். அப்படியே வந்தாலும் அதற்குள் அமெரிக்காக்காரன் மருந்து கண்டுபிடித்துவிடுவான் என்று பத்திரிகைகளே எழுதின.

சுனிதி சாலமன் அதை நம்பத் தயாராக இல்லை. பார்க்காமலே இல்லை என்று எப்படிச் சொல்வது? தம் மாணவியை அழைத்து, பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்றார். நிர்மலாவுக்குத் தயக்கம். சிற்றூரில், கட்டுப்பாடான குடும்பத்தில் வளர்ந்தவர். எய்ட்ஸ் என்ற சொல்லே அவருக்குப் புதிது. எடுத்துச் செய் என்று துணிவு கொடுத்தவர் கணவர்தான்.

ஆனால் அந்தப் பெண்களை எங்கே போய்த் தேடுவது? மும்பையில் இருப்பதுபோல் சென்னையில் தனியாக ஒரு சிவப்பு விளக்குப் பகுதி கிடையாது. நிர்மலா அரசு பொது மருத்துவமனைக்குப் போனார். பால்வினை நோய்க்குச் சிகிச்சைக்கு வரும் பெண்களில் ஓரிருவரோடு பழகினார். அவர்களுடைய சீட்டுகளைப் பார்த்தபோது, பலருக்கும் முகவரி என்ற இடத்தில் ஒரே சொல் இருந்தது: 'வி ஹோம்'. விசாரித்ததில் அது மயிலாப்பூரில் இருந்த அரசின் விஜிலென்ஸ் ஹோம். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு, ஜாமீனுக்கு வழியில்லாத பெண்களை அடைத்துவைக்கும் இடம்.

மூன்று மாதம் அங்கே போய் வந்தார். காலையில் வேலைக்குப் போகும் வழியில் கணவர் ஸ்கூட்டரில் இறக்கிவிடுவார். பஸ் காசு மிச்சம். கையுறை கிடையாது, வேறு பாதுகாப்பும் கிடையாது. எடுத்த ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிப்பதற்குப் பேராசிரியர் ஒரு தற்காலிக ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். பிரித்ததை வைக்கக் குளிர்பதன வசதி இல்லாததால் வீட்டு ஃப்ரிட்ஜ். இருநூறு மாதிரி சேர்ப்பதாகத் திட்டம். எண்பதோடு வேலூருக்குக் கிளம்பினார்கள்.

மின்சாரம் போன நேரம்

சி.எம்.சி.யில் நச்சுயிரியல் துறையை நடத்திக்கொண்டிருந்தவர் ஜேக்கப் ஜான். தம் துறையைச் சேர்ந்த ஜார்ஜ் பாபு, எரிக் சிமோயிஸ் இருவரையும் உதவிக்குக் கொடுத்தார். செய்ய வேண்டிய பரிசோதனை எலைசா.

எலைசாவுக்கு உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். குழியின் அடியில் வைரஸின் புரதத்தைப் படிய வைத்திருப்பார்கள். அதில் ஒருவருடைய சீரத்தை விடுவார்கள். அவர் உடம்பு எப்போதாவது அந்த வைரஸைச் சந்தித்திருந்தால், அதை எதிர்க்க உண்டான பொருள் ரத்தத்தில் இருக்கும். அது அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாது. கடைசியில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால், ஒட்டிக்கொண்ட குழியில் மட்டும் நிறம் வரும். மற்றவை தண்ணீர்போல் தெளிவாகவே இருக்கும்.

காலை எட்டரைக்குத் தொடங்கினார்கள். நண்பகலில் மின்சாரம் போனது. டீ குடிக்கப் போனார்கள். முதலில் திரும்பி வந்தவர்கள் நிர்மலாவும் ஜார்ஜ் பாபுவும். பாபு மூடியைத் திறந்தார், திறந்த வேகத்தில் மூடினார். ஆனால் நிர்மலா பார்த்துவிட்டார். ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன.

சென்னை திரும்பியதும் சுனிதி உட்பட எல்லோரும் விஜிலென்ஸ் ஹோமுக்குப் போய் அந்த ஆறு பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சிமோயிஸ் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். வெஸ்டர்ன் பிளாட் என்ற உறுதிப் பரிசோதனையும் அதையே சொன்னது. செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் பிரதமர் ராஜீவ் காந்திக்கும் போனது. மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார். பார்வையாளர் மாடத்தில் சுனிதியும் நிர்மலாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

சுனிதிமீது கோபம் திரும்பியது. பிறந்ததும் படித்ததும் சென்னையில்தான் என்றாலும் மராட்டியக் குடும்பத்துப் பெண் என்பதால், வடக்கிலிருந்து வந்து நம்மைக் கேவலப்படுத்துகிறார் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

அவையில் இல்லாதவர்கள்

இந்தக் கதையைச் சொல்லும்போது அந்த ஆறு பெண்களைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று நிர்மலா அவர்களிடம் சொல்லவில்லை. பால்வினை நோய்க்கான வழக்கமான சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இதை நிர்மலாவே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இன்று எந்த ஆய்வு நெறிக் குழுவும் இதை ஏற்காது. அன்று அப்படி ஒரு கேள்வியே எழவில்லை. சிறையில் இருக்கும் பெண்ணிடம் சம்மதம் கேட்பதற்கு என்ன அர்த்தம் என்பது இன்றைக்கும் கடினமான கேள்வி.

அதோடு முடியவில்லை. தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும், எச்.ஐ.வி. இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிறகுதான் அவர்களுக்கு வெளியே போக வழி பிறந்தது. பரிசோதனை முடிவு என்பது அந்தப் பெண்களுக்கு மருந்தாக வரவில்லை. பூட்டாக வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த எண்பது மாதிரிகளும் பெண்களுடையவை. அந்த ஆறு பேருக்கு வைரஸ் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அவர்களிடமிருந்து எங்கோ போயும் இருக்க வேண்டும். வந்த வழியிலும் ஆண்தான், போன வழியிலும் ஆண்தான். அவன் ரத்தம் அந்த ஐஸ் பெட்டியில் இல்லை. நிர்மலாவை இதற்குக் குறை சொல்ல முடியாது. ஒரு முதுநிலை மாணவி யார் கையைப் பிடிக்க முடியுமோ அவர்களிடம்தான் ரத்தம் எடுக்க முடியும். ஆனால் உலகம் முழுக்க அப்போது ஆய்வுகள் அப்படித்தான் நடந்தன. 'அபாயக் குழுக்கள்' என்று ஒரு பட்டியல் போட்டார்கள். பாலியல் தொழில் செய்யும் பெண் அதில் இருந்தாள். அவளிடம் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த ஆள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தோல் வியாபாரி வீட்டுப் பெண்

சுனிதி கெய்தோண்டே சென்னையில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்தவர். எட்டுக் குழந்தைகளில் ஒரே பெண். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தார். அங்கே பழகிய இதய அறுவை மருத்துவர் சாலமன் விக்டரை மணந்தார். அவர் கிறிஸ்தவர், இவர் இந்து. இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று நோய்க்கூறியலில் பயிற்சி பெற்று, 1973-ல் சென்னை திரும்பினார். பிறகு மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். கிருமியை நுண்ணோக்கியில் பார்த்து, பெயர் சொல்லி, சீட்டு எழுதி அனுப்புவது அந்தத் துறையின் வேலை. நோயாளியின் முகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஓய்வு பெற்றிருக்கலாம்.

1986 அதைக் கெடுத்தது. நல்ல கெடுதல். பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே உட்காரும்போது அவருக்கு என்ன சொல்வது? மருந்து இல்லாத காலம். மற்ற மருத்துவர்கள் தொட மறுத்தார்கள். பிரசவத்துக்குச் சேர்க்க மறுத்தார்கள். கணவருக்கும் தொடக்கத்தில் இதில் விருப்பமில்லை. அவர்கள் கதையைக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் இப்படிச் சொல்ல மாட்டீர்கள் என்பது சுனிதியின் பதில்.

1993-ல் தம் தந்தையின் பெயரால் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கினார். விரும்பி வருவோருக்கு ரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும் ஒரே இடத்தில். பிறகு அது தரமணியில் வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் வேர் பிடித்தது. அவர் காலத்திலேயே 15,000 பேருக்கு மேல் அங்கே தொடர்ந்து சிகிச்சை பெற்றார்கள்.

கேட்கப்படாத கேள்வி

அந்த ஆலோசனை அறைக்கு வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். இவர்கள் மயிலாப்பூர் இல்லத்துப் பெண்கள் அல்ல. கழுத்தில் தாலி, இடுப்பில் குழந்தை. சிலர் கணவன் இறந்த பிறகு வந்தவர்கள். சிலருக்குக் கர்ப்ப காலத்துச் சோதனையில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு கணவனைக் கூட்டி வந்து சோதித்தால் அவனுக்குப் பல ஆண்டுகளாக இருந்திருக்கும். ஆனால் முதலில் தெரிந்தது அவளுக்கு என்பதால், வீட்டில் கொண்டுவந்தவள் என்ற பெயரும் அவளுக்கே.

சுனிதியும் அவருடைய குழுவும் இதைக் கதையாகச் சொல்லிக்கொண்டு இருக்கவில்லை, எண்ணினார்கள். 2000-ல் பால்வினை நோய்களுக்கான ஓர் ஆய்விதழில் அவர்கள் கட்டுரை வெளிவந்தது. தங்கள் மையத்துக்கு வந்த எச்.ஐ.வி. உள்ள 134 பெண்களின் பதிவேடுகளை எடுத்துப் படித்தார்கள். 88 சதவீதம் பேர் ஒரே ஓர் ஆணோடு மட்டுமே வாழ்ந்தவர்கள். 81 சதவீதம் பேருக்குத் தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்தது: குடும்பத் தலைவி.

இதற்கு மூன்று ஆண்டு முன்பே புனேயிலிருந்து இன்னொரு குழு இதையே வேறு வழியில் காட்டியிருந்தது. பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களில், பாலியல் தொழிலோடு தொடர்பே இல்லாதவர்களிடம் மட்டும் 13.6 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. பெரும்பாலும் மணமானவர்கள், கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாதவர்கள்.

இந்த இரண்டு கட்டுரைகளையும் படித்தபோது கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை. அந்தப் பெண்களுக்கு நாம் என்னென்ன சொல்லி வளர்த்தோம்? ஒழுக்கமாக இரு, ஒருவனுக்கு ஒருத்தியாக இரு, உனக்கு ஒரு கெடுதலும் வராது என்றோம். அவர்கள் இருந்தார்கள். நோய் வந்தது. இவர்களுக்கு அபாயம் தந்த செயல் என்று எதையாவது எழுத வேண்டுமென்றால், கல்யாணம் என்றுதான் எழுத முடியும்.

பாலின ஆய்வு என்றால் என்ன, மருத்துவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. வைரஸுக்கு ஆண் பெண் தெரியாது. ஆனால் அது நடந்துபோகும் பாதை நம் வீட்டு ஏற்பாட்டின் வழியாகத்தான் போகிறது. ஆணுறை போட்டுக்கொள்ளச் சொல் என்று ஆலோசகர் எளிதாகச் சொல்லிவிடலாம். அவள் வீட்டில் போய்ச் சொன்னால், என்மேல் சந்தேகமா என்பான், அல்லது உனக்கு எங்கிருந்து இந்த யோசனை வந்தது என்பான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் விசேஷம் இல்லையா என்று மாமியார் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் ஆணுறைக்கு ஏது இடம்? கையில் காசு இல்லை, போக இடம் இல்லை, பிறந்த வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் ஆகவேண்டும். கணவன் இறந்தால், சொத்தில் பங்கு போகாமலிருக்க, அவளுக்கும் அந்த நோய் என்பதே போதுமான காரணமாகிவிடும். இவையெல்லாம் நுண்ணுயிரியல் புத்தகத்தில் இல்லை. ஆனால் இவற்றை எழுதாமல் நோய் ஏன் பரவியது என்று எழுத முடியாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு நுண்ணுயிரியல் பேராசிரியர் இதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டார்.

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்க சுவரிலும் பஸ்ஸிலும் ஒரு கேள்வி முளைத்தது நினைவிருக்கும்: புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? பஸ் ஜன்னலில் அதைப் படித்துவிட்டு யார் அந்தப் புள்ளிராஜா என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார். கேலியும் கிண்டலுமாகப் பேசப்பட்ட அந்த விளம்பரத்தில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். முதல்முறையாகக் கேள்வி ஓர் ஆணைப் பார்த்துக் கேட்கப்பட்டது.

ஒன்றும் இருபத்தேழும்

மருந்து வந்த கதை பலருக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோது அதன் விலை நம்மவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2001-ல் சிப்லா நிறுவனம் நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு மருத்துவமனை முதலில் தொடங்கிய மையங்களில் ஒன்று.

ஆனால் மனைவியை எப்படிக் காப்பது என்ற ஆலோசனை அறையின் பழைய கேள்விக்குப் பதில் வேறு ஓர் ஆய்விலிருந்து வந்தது. ஒருவருக்கு வைரஸ் இருக்கிறது, துணைக்கு இல்லை. இந்த மாதிரி 1,763 ஜோடிகளை ஒன்பது நாடுகளில் சேர்த்து எச்.பி.டி.என். 052 என்ற ஆய்வு நடந்தது. சென்னையில் அதை நடத்தியது ஒய்.ஆர்.ஜி. கேர். ஒரு பாதிக்கு மருந்தை உடனே தொடங்கினார்கள். இன்னொரு பாதிக்கு அந்தக் கால வழக்கப்படி நோய் எதிர்ப்பு சக்தி குறைந்த பிறகு. 2011-ல் முடிவு வந்தது. துணையிடமிருந்தே தொற்றியது என்று மரபணுச் சோதனையில் உறுதியானவர்கள் 28 பேர். அதில் 27 பேர் மருந்து தாமதமான ஜோடிகளில். உடனே மருந்து தொடங்கிய ஜோடிகளில் ஒரே ஒருவர். 96 சதவீதப் பாதுகாப்பு. 'சயன்ஸ்' இதழ் அந்த ஆண்டின் மிகப் பெரிய அறிவியல் சாதனை என்று இதைத் தேர்ந்தெடுத்தது.

எண்ணைத் தாண்டி இதைப் பார்க்க வேண்டும். ஆணுறைக்குக் கணவன் சம்மதிக்க வேண்டும். மாத்திரையை அவன் தன் உடம்புக்காக விழுங்கினால் போதும், மனைவியும் பிழைத்துக்கொள்கிறாள். அவனிடம் கெஞ்ச வேண்டியதில்லை. 1,763 ஜோடிகளில் நம் சென்னை ஜோடிகளும் தொடர்ந்து வந்து ரத்தம் கொடுத்து, அந்தரங்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்லி இதை நிரூபித்தார்கள். அவர்களுக்கு என்ன பரிசோதனை, எதற்கு என்று விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கித்தான் ரத்தம் எடுத்தார்கள். மயிலாப்பூரிலிருந்து தரமணிக்கு வந்து சேர இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

அந்த ஐஸ் பெட்டியைச் சுமந்த நிர்மலா அறிவிப்பு வந்த பிறகு தேர்வுக்குப் படிக்கத் திரும்பினார். 1987 மார்ச்சில், தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு பற்றிய தம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தேர்ச்சி பெற்று கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்புப் பிரிவில் சேர்ந்தார். முப்பது ஆண்டு கழித்து 2016-ல் பி.பி.சி. தேடி வந்து பேட்டி எடுத்தபோதுதான் அவர் பெயர் பலருக்குத் தெரிந்தது. பேராசிரியருக்கு 2017-ல் பத்மஸ்ரீ வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை; 2015 ஜூலை 28 அன்று, 76 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்திருந்தார். மகன் சுனில் சாலமன் அதே துறையில் தொடர்கிறார். நிர்மலாவுக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் ஆதங்கம்.

கடைசிக் காலத்தில் சுனிதி இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். மருந்து வந்த பிறகு சாகப் போகிறோம் என்ற பயம் போய், எப்படி வாழ்வது என்ற கேள்வி வந்தது. கணவனை இழந்த இளம்பெண்கள், வீட்டில் கல்யாணத்துக்கு நெருக்கும் இளைஞர்கள் எல்லோரும் அவரிடம்தான் வந்து நின்றார்கள். உண்மையை மறைத்துக் கட்டிக்கொண்டால் இன்னொரு உயிர் போகும். உண்மையைச் சொன்னால் யார் வருவார்கள்? சரி என்று அவரே வரன் பார்க்கத் தொடங்கினார். 'லவ்சிக்' என்ற ஆவணப்படம் அந்தக் காட்சிகளைப் பதிவு செய்திருக்கிறது. எழுபதைத் தாண்டிய மருத்துவர், வீட்டுப் பெரியவர் மாதிரி இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். மதம், சாதி, படிப்பு, சம்பளம் என்று எல்லாக் கல்யாணத்திலும் கேட்பதை இங்கேயும் கேட்கிறார்கள். அவற்றோடு இன்னும் இரண்டு எண்கள்: ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு, நோய் எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சிடி4 எவ்வளவு. பெண்ணுடையதும் மேசையில் இருக்கிறது, மாப்பிள்ளையுடையதும் இருக்கிறது.